40 மாடி ஆபீஸ் டவர்: அவர்கள் காட்டும் படத்தை நம்பலாமா?

தெருமுனை (கேள்வி)
நகர மையத்தில் 40 மாடி ஆபீஸ் டவர் கட்ட விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து சரியாக 2 கி.மீ. அறிக்கையில் உயரம் 180 மீட்டர், வரைபடத்தில் '+202'. கரையிலிருந்து எடுத்த படத்தில் டவர் என்னவோ பழைய மணிக்கூண்டுக்குத் துணையாக அடக்கமாக நிற்கிறது. ஸ்கைலைன் (வானத்தின் பின்னணியில் தெரியும் நகரத்தின் உருவக்கோடு) நிஜமாக எவ்வளவு மாறும் என்று நாமே கணக்குப் போட முடியுமா?

மட்டக்கோல்
இரண்டு எண்ணும் சரிதான். +202 கடல் மட்டத்திலிருந்து அளந்தது. தரை +22 என்றால் கட்டடம் 180. ஆபீஸில் ஏசி டக்ட், பீம் எல்லாம் சேர்ந்து மாடிக்கு 4 மீட்டர் பிடிக்கும்; 40 மாடிக்கு 160. மிச்சம் 20 மீட்டர் உச்சியில் கூலிங் டவருக்கும் லிஃப்ட் மெஷினுக்கும். கண்ணாடி துடைக்கும் கிரேன் இதில் சேர்ந்ததா என்று எழுதிக் கேளுங்கள். படத்தில் அதைப் பெரும்பாலும் மடக்கியே காட்டுவார்கள்.

உங்களுக்கு வேண்டியது +202தான். கரை +8 என்றால், நிற்கும் இடத்திலிருந்து உச்சி 194 மீட்டர் மேலே. கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, பூஜ்யத்தைக் கண் மட்டத்தில் வையுங்கள். 194 ÷ 2000 × 60 = 5.8 செ.மீ. டவர் உச்சி அங்கே வரும். மணிக்கூண்டையும் அதே ஸ்கேலில் பாருங்கள். அது 2 செ.மீ. தாண்டவில்லை என்றால், 'துணை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

அம்பது எம்எம்
படத்தோடு பின்னிணைப்பு இருக்கும். அதில் லென்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (சென்சார் 36 × 24 மி.மீ.) படுக்கைவாட்டில் 50 எம்எம் போட்டால் இந்த டவர் படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 24 எம்எம் போட்டால் பத்தில் ஒரு பங்குகூட வராது. நிறைய வானமும் தண்ணீரும் உள்ளே வந்து டவரைச் சுருக்கிவிடும்.

தெருமுனை
பார்த்தேன். 24 எம்எம்.

அம்பது எம்எம்
அப்படியென்றால் டவர் நடுவில் வரும்படி, படத்தின் அகலத்தில் 48 சதவீதத்தை (24 ÷ 50) மட்டும் வெட்டி எடுங்கள்; 50 எம்எம் படம் மாதிரி ஆகிவிடும். உயரத்திலும் அதே விகிதம். அதை 36 செ.மீ. அகலத்துக்கு பிரின்ட் போட்டு, கண்ணிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால் நேரில் தெரியப்போகும் அளவு கிடைக்கும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இந்த பிரின்ட்டைக் கொண்டுபோங்கள், வாதம் தேவைப்படாது. மரத்தில் இலை இருக்கும்போது எடுத்த படமா என்றும் பாருங்கள்; இலை டவரை மறைத்துக் காட்டும்.

தெருமுனை
நன்றி. 10 மாடி குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்.

நிழல்கோடு
அவசரப்படாதீர்கள். மாடிக்கு 40 × 40 மீட்டர் என்றால் மொத்தம் 64,000 சதுர மீட்டர். அந்தப் பரப்பை யாரும் விட்டுத்தர மாட்டார்கள். 30 மாடியில் அதையே அடைத்தால் பக்கம் 46 மீட்டர், உயரம் 140. பென்சில் போய் அலமாரி வரும். தெருவிலிருந்து பார்க்கிறவனுக்கு அகலம்தான் அதிகம் உறுத்தும்.

உயரத்தைவிட இடம் முக்கியம். பாரிஸில் 1973-ல் வந்த 210 மீட்டர் மோன்பர்னாஸ் டவர், சுற்றிலும் தாழ்ந்த கட்டடங்களுக்கு நடுவே தனி மரமாக நின்றதால்தான் அத்தனை எதிர்ப்பு. 1977-ல் நகரின் மையப் பகுதியில் உயரத்துக்கு வரம்பே வந்தது. ஏற்கெனவே உயரமான கட்டடங்கள் இருக்கும் கொத்தில் இதே டவர் நின்றால் பாதிப்பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பின்னணியையும் விடாதீர்கள். லண்டன் ரிச்மண்ட் பார்க் மேட்டிலிருந்து செயின்ட் பால் கதீட்ரலைப் பார்க்கும் கோடு பாதுகாக்கப்பட்டது. அப்படியும் 2016-ல் பல கி.மீ. பின்னால் ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் கட்டடம் குவிமாடத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. வரைபடத்தில் கரை, மணிக்கூண்டு இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்துப் பின்பக்கம் நீட்டுங்கள். டவர் அதில் விழுந்தால் மனுவின் முதல் வரி அதுதான்.

அறிக்கையில் 'கண்ணாடி வானத்தோடு கலந்துவிடும்' என்று எழுதியிருந்தால், சூரியன் டவருக்குப் பின்னால் இருக்கும் நேரத்துப் படத்தைக் கேளுங்கள். கருப்புக் கட்டையாகத்தான் தெரியும்.