மறு: ‘படிநேரம்’ வேண்டாம், ‘எழுத்துத்தொகை’ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நம் சஞ்சிகைக் கட்டுரைகளுக்கு அண்ணன் எழுதியிருந்த யோசனை இது:

> கட்டுரைத் தலைப்பின் கீழ் ‘படிநேரம்: 4 நிமிடம்’ என்று போடலாம். மொத்தச் சொற்களை 238ஆல் வகுத்தால் நேரம் வந்துவிடும்.

அண்ணே, இதில் பெயர், கணக்கு இரண்டிலுமே எனக்கு உடன்பாடில்லை.

பெயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ‘பிள்ளை படிக்கிறான்’ என்றால் பள்ளிக்கூடப் படிப்புதான். பேப்பரையும் கதைப்புத்தகத்தையும் நாம் வாசிக்கிறோம். ‘வாசிப்பு நேரம்’ ஏற்கெனவே புழங்குகிற சொல். அதையே வைத்துக்கொள்வோம்.

கணக்குதான் பெரிய சிக்கல். 238 என்பது 2019இல் உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட் 190 ஆய்வுகளைத் திரட்டிக் கண்ட சராசரி. வளர்ந்தவர்கள் ஆங்கிலக் கட்டுரையை மௌனமாக வாசிக்கும்போது நிமிடத்துக்கு இத்தனை சொல். கதை என்றால் 260. ஆங்கிலத்துக்கு அது நல்ல எண். தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது.

‘தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்’ என்பதைப் பாருங்கள். நமக்கு இரண்டு சொல். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஆறு சொல்லாவது வரும். 238ஆல் வகுத்தால் இந்த வரிக்கு அரை விநாடிதான் கிடைக்கிறது. இன்னொன்று, ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், ‘வந்து கொண்டு இருந்தார்கள்’ என்று பிரித்தால் மூன்று. ஆனால் எழுத்தை எண்ணினால் சேர்த்தெழுதியது 12, பிரித்தெழுதியது 13. தேயிலைக் கொழுந்தை நிறுவைக்காரர் கிலோவில்தான் எழுதுகிறார், கூடையை எண்ணுவதில்லை. மொழிபெயர்ப்புக்குச் சொல் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு இதன் வலி தெரியும். தமிழ்ப் பக்கத்தை எண்ணினால், சந்தி பார்த்துச் சேர்த்து எழுதுகிறவருக்குத்தான் காசு குறையும்.

ஆகவே நீளத்துக்கு அளவு எழுத்துதான். அதன் எண்ணிக்கைக்கு ‘எழுத்துத்தொகை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். சனத்தொகை நம் வாயில் பழகிய சொல் என்பதால் இதுவும் பொருள் விளங்கியே வரும். முதலில் ‘எழுத்தளவு’ நன்றாகப்பட்டது. ஆனால் அதைக் கேட்டதும் எழுத்துருவைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும்.

நிரல் எழுதும் தம்பிமார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி தருகிற நீளம் எழுத்துத்தொகை அல்ல. ‘தேயிலை’ மூன்றெழுத்து. உயிர்க்குறியையும் தனியாக எண்ணும் யூனிகோடில் அது ஆறு குறியீடு, அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். ‘மலையகம்’ ஐந்தெழுத்து, ஏழு குறியீடு. தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒரு செய்திக்குரிய 70 இடங்கள் சட்டென்று தீர்ந்துபோவதும் இதனால்தான், புள்ளியும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கின்றன. எனவே புள்ளியையும் உயிர்க்குறியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் ஒவ்வோர் எழுத்தாகவே கொள்வோம். இதிலிருந்து பிரித்துக்காட்ட, கணினி தருகிற யூனிகோடு எண்ணைக் ‘குறியீட்டு எண்ணிக்கை’ என்று சொன்னால் போதும்.

மாத்திரைக் கணக்கைக் கொண்டுவரலாம் என்று அக்கா எழுதியிருந்தார். எனக்கும் அதில் ஆசைதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று எழுத்தை நேரத்தால் அளந்த இலக்கணம் நம்முடையது. ஆனால் அது ஒலிக்கும் நேரம். வானொலி அறிவிப்புக்கும் மேடையில் வாசிக்கும் அறிக்கைக்கும் மாத்திரைக் கணக்குப் பொருந்தும், அதற்கு ‘ஒலிப்பு நேரம்’ என்று தனிப்பெயர் வைப்போம். போனில் மௌனமாக வாசிக்கிறவரின் கண் ‘கா’வில் ‘க’வைவிட இரண்டு மடங்கு நிற்பதில்லை.

சரி, 238க்குப் பதில் எந்த எண்? அதை நாமே அளந்து எடுப்போம். நம் சஞ்சிகையின் ஒரே கட்டுரையைச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், ஆசிரியர்கள், வேலை விட்டு வந்து போனில் வாசிக்கிற தோட்டத்துப் பெண்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் கொடுத்து, கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். முடித்ததும் உள்ளடக்கத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும், இல்லையென்றால் மேய்ந்துவிட்டு முடித்தேன் என்பவர்களும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று அதில் வரும் எண்ணை நிரலில் போடுவோம். கட்டுரையைத் தெரிவு செய்து தருவது என் பொறுப்பு. பண்டாரவளைப் பக்கம் நேரம் பார்க்க யார் வருகிறீர்கள்?