சயாம் மரண ரயில் டையோரமா: செத்தவர்களைப் பொம்மையாக்கலாமா?

ஈர்க்குச்சி:
1:35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) ஒரு டையோரமா, அதாவது ஒரு காட்சியைச் சிறு உருவங்களோடு அமைக்கும் மாடல், தொடங்கியிருக்கிறேன். 1943 ஜூன் மாதம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில்பாதை ஓரத்தில் ஒரு தமிழ்த் தொழிலாளர் முகாம். மழை, சேறு, அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் படுக்கை, காலரா. இந்தப் பாதையை மாடலாகச் செய்கிறவர்கள் எல்லாரும் க்வாய் பாலத்தைத்தான் செய்கிறார்கள். பாலத்தின்மேல் வெள்ளைக்காரக் கைதிகள் நிற்பார்கள், காவலுக்கு ஜப்பான் சிப்பாய் நிற்பான். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்களுக்கு ஓர் ஓரத்தில்கூட இடம் இருக்காது. அவர்களுக்காகத்தான் இது. நோயில் கிடப்பவர்களும் இருப்பார்கள், இறந்தவர்களும் இருப்பார்கள். ஆண்டிறுதி ஸ்கேல் மாடல் போட்டியில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். கருத்து சொல்லுங்கள்.

மலைத்தோட்டம்:
தம்பி, உங்கள் கைவேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இது வேண்டாம். என் தாத்தாவின் தம்பியை இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி அப்படியே ஏற்றிப் போனார்கள். அவர் எந்த நாளில் இறந்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் திதி கிடையாது. ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். அந்த மனிதரை நீங்கள் ஒரு விரல் உயரத்தில் செய்து, டைகர் டாங்கிக்கும் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்கும் நடுவில் மேசையில் வைப்பீர்கள். நடுவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சேற்றில் ஈரப்பளபளப்பு நன்றாக வந்திருக்கிறது என்று மதிப்பெண் போடுவார். அதை நினைக்கவே எனக்கு முடியவில்லை.

ஈர்க்குச்சி:
போட்டியைப் பற்றி நீங்கள் சொல்வது உறைக்கிறது, ஐயா. அதை யோசிக்கிறேன். ஆனால் மாடல் என்றாலே விளையாட்டு என்பதை என்னால் ஏற்க முடியாது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் டையோரமாக்களைப் பாருங்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, போர்ச் செய்தியாளர் சார்ல்ஸ் பீன் போன்றவர்கள் முன்னின்று தொடங்கிய வேலை. வெப் கில்பர்ட், வாலஸ் ஆண்டர்சன் என்ற சிற்பிகள் உருவங்களைச் செய்தார்கள், லூயிஸ் மெக்கபின் பின்னணி வரைந்தார். பிரான்சின் சோம் போர்க்களத்தின் குளிர்காலத்தைக் காட்டும் டையோரமாவில் வெற்றி எதுவும் இல்லை. சேற்றில் களைத்துப்போன மனிதர்கள்தான் இருக்கிறார்கள். மகனைத் தொலைதூர மண்ணில் புதைத்துவிட்டு, அங்கே போய்ப் பார்க்க வழியில்லாத குடும்பங்கள் வந்து நின்ற இடம் அது. நமக்கும் அப்படி ஓர் இடம் வேண்டாமா?

மலைத்தோட்டம்:
அவர்களிடம் படம் இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது. போர்க்களத்தில் நின்று திரும்பிய சிப்பாயைக் கேட்டுச் சரிபார்க்கவும் முடிந்தது. உங்களிடம் என்ன இருக்கிறது? கற்பனையில் ஒரு முகத்தைச் செய்து, இதுதான் உன் தாத்தா என்று என்னிடம் காட்டுவீர்கள்.

நடுகல்தேடி:
திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இறந்தவரை உருவமாக்குவது நமக்குப் புதிதில்லையே. எங்கள் மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் இருக்கிறது. அதில் வீரனும் உண்டு, அவனோடு கள்வரை எதிர்த்த கோவிவன் என்ற நாயும் உண்டு. அந்தச் சிற்பி இருவரையும் நேரில் பார்த்தா செதுக்கினார்? அப்புறம், இந்த ரயில்பாதைக்கே ஒரு நடுகல் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வாட் தாவோன் வராராம் என்ற புத்தர் கோயிலில், தொழிலாளர்களின் எலும்புகள்மேல் எழுப்பிய தூபி ஒன்று இருக்கிறது. 2023இல் மலேசியத் தமிழர்கள் அங்கே நடுகல் நட்டார்கள்.

மலைத்தோட்டம்:
நட்டது நல்ல காரியம், ஐயா. ஆனால் எடுத்தனூர்க் கல்லில் அந்த நாயின் பெயர்கூட இருக்கிறது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த தகடு உண்டு. எங்கள் ஆட்களுக்கு அங்கே இடமும் இல்லை, பெயரும் இல்லை. எங்களுக்குக் குறைவது பெயர்தான். இன்னொரு பெயரில்லாத உருவம் எங்களுக்கு எதற்கு?

ரயில்_87:
நான் ரயில் மாடல்காரன், ஈர்க்குச்சி பக்கம். அந்தப் பாதையில் ஓடிய சி56 வகை நீராவி எஞ்சின் ஒன்று, சி5631, இன்று டோக்கியோவின் யாஸுகுனி கோயில் அருங்காட்சியகத்தில் கறுப்புப் பளபளப்போடு நிற்கிறது. எஞ்சினுக்கு எண் இருக்கிறது, கூரை இருக்கிறது, பார்க்கக் கூட்டமும் வருகிறது. பாதை 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளில் 12,000க்கும் மேல் இறந்தார்கள், ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அத்தனை பேரையும் நான் வேலை செய்யும் 1:87 அளவில், ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர்ச் சதுரம் கொடுத்து நெருக்கி நிறுத்தினாலே 36 சதுர மீட்டர் வேண்டும். ஒரு வீட்டின் கூடமும் அறையும் நிறைந்துவிடும். பெயர் கிடைக்கும்வரை காத்திருப்போம் என்றால், அந்த 90,000 பேரும் என்றைக்கும் வெறும் எண்ணாகவே நிற்பார்கள். மலைத்தோட்டம் ஐயா இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ஈர்க்குச்சிக்கு ஒன்று: எஞ்சினை வைக்காதீர்கள். வைத்தால் வருகிறவன் எஞ்சினைத்தான் பார்ப்பான். தண்டவாளம் மட்டும் போதும். மீட்டர்கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) என்பதால் 1:35இல் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 28.6 மில்லிமீட்டர் வரவேண்டும்.

ஈர்க்குச்சி:
எஞ்சின் என் திட்டத்திலேயே இல்லை. மூங்கிலுக்குத் தென்னை ஈர்க்கு எடுத்திருக்கிறேன்; இரண்டு மில்லிமீட்டர்க் கனம் இந்த அளவில் ஏழு சென்டிமீட்டர் மூங்கிலாகிவிடுகிறது. ஆட்களைத்தான் முழுக்கக் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. கடையில் ஜப்பான் சிப்பாய் கிடைக்கிறான், கோவணமும் சாக்குத்துணியும் கட்டிய தோட்டத் தொழிலாளி கிடைப்பதில்லை. பித்தளைக் கம்பியில் எலும்பு கட்டி, எபாக்ஸி புட்டியில் உடம்பு போடுகிறேன்.

மலைத்தோட்டம் ஐயா, ஆதாரம் பற்றிக் கேட்டீர்கள். ஜாக் சாக்கர் போன்ற பிரிட்டிஷ் கைதிகள் ஒளித்து ஒளித்து வரைந்த முகாம் படங்கள் இருக்கின்றன. போர்க்கைதி மருத்துவர்கள் சிலரை 1943இல் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் கண்டதை எழுதிவைத்திருக்கிறார்கள். குடிசை எப்படி இருந்தது, நோயாளி எங்கே கிடந்தார் என்பதற்கு இவை போதும். முகங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, யாருடைய முகம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனாலும் எல்லாருக்கும் ஒரே முகத்தை அச்சில் வார்க்க மாட்டேன். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் செய்வேன். அவர்களைக் கும்பலாகப் பார்த்தது கணக்கெழுதியவர்கள்தான், நானும் அதைச் செய்யக்கூடாது.

நடுகல்தேடி:
பெண்களையும் மறக்காதீர்கள். குடும்பத்தோடு போனவர்களும் உண்டு.

மலைத்தோட்டம்:
தனித்தனி முகம் என்று சொன்னதை மதிக்கிறேன், தம்பி. ஆனால் இறந்தவர்களை வைப்பதை இன்னும் எதிர்க்கிறேன். பசியில் ஒட்டிய உடம்பைத் திறமையாகச் செய்யச் செய்ய, பார்க்கிறவனின் கண் திறமைமேல் போகும், உடம்புமேல் போகாது. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும்போது மரம் வெட்டத் தெரிந்தவர், தப்பு அடிப்பார் என்றுதான் சொல்வோம். அவர் எப்படிக் கிடந்து செத்தார் என்று யாரும் பேசியதில்லை. வேலை செய்கிறவராக, கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவராக, கூட இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறவராக வையுங்கள்.

ஈர்க்குச்சி:
போட்டிக்குக் கொடுக்கவில்லை, அதை முடிவு செய்துவிட்டேன். கண்காட்சியிலும் டாங்கிகளோடு வைக்க மாட்டேன். தோட்டத்துக் கோயில் மண்டபம் எதிலாவது இடம் கேட்கிறேன். தண்ணீர் கொடுக்கிறவரைக் கட்டாயம் செய்கிறேன். ஆனால் இறந்தவர்களே இல்லாத ஒரு முகாமை என்னால் வைக்க முடியாது, ஐயா. மழைக்காலத்து முகாமில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்று காட்டினால், அது இறந்தவர்கள்மேல் நான் சொல்லும் பொய். குடிசைக்குள், சாக்குப் போர்த்திய உருவமாக, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில் வைக்கிறேன்.

மலைத்தோட்டம்:
போர்த்தியிருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை. மண்டபம் கிடைத்ததும் சொல்லுங்கள். எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் வீடுகளில் இன்னும் நினைவில் இருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதித் தருகிறேன். அவை டையோரமாவுக்கு முன்னால், முதலில் கண்ணில் படும்படி இருக்கவேண்டும்.