அப்பாவின் கணக்கிலிருந்து போன பணத்தில் எவ்வளவு திரும்பியது, எப்படித் திரும்பியது

மேற்கு மாம்பலத்தில் எங்களோடு வசிக்கும் என் அப்பாவுக்கு 74 வயது. சென்ற ஆண்டு ஒரு மாலையில், முந்தைய மின்கட்டணம் பதிவாகவில்லை என்றும் இரவு ஒன்பதரை மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும் என்றும் அவருக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதிலிருந்த எண்ணை அழைத்தபோது, ஒருவர் நல்ல தமிழில் பொறுமையாகப் பேசி, ஒரு செயலியைப் பதிவிறக்கச் செய்து, பத்து ரூபாய் மட்டும் கட்டச் சொல்லியிருக்கிறார். கைப்பேசியின் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டும் செயலி அது. 98,000, பிறகு 64,000 என்று இரண்டு முறை பணம் போனது.

அப்பா அதை உடனே எங்களிடம் சொல்லவில்லை. வெட்கத்தில் இருபது நிமிடம் பூஜை அறையில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை; ஆனால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் ஒவ்வொருவரும், பணம் போனால் திட்டமாட்டோம் என்ற நம்பிக்கையை அவர்களுக்கு இன்றே கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெரிந்தவுடன் முதலில் வங்கியின் எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொன்னேன், அடுத்து இணைய நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் 1930. அங்கே கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் தனி அடையாள எண்ணான யூடிஆர் எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். ஒப்புகை எண் வந்ததும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் முழு விவரத்தையும் அன்றிரவே பதிந்தேன். மோசடிக்காரர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போவார்கள்; அது எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கி அங்கேயே நிறுத்தி வைக்கும். இரண்டாவது கணக்கில் எங்களுடைய 1,07,000 ரூபாய் நிறுத்தப்பட்டது. மீதி 55,000 ரூபாய் அதற்குள் ஏடிஎம் வழியாக எடுக்கப்பட்டுவிட்டது.

நிறுத்தி வைத்த பணம் தானாகவே வந்துவிடும் என்று இரண்டு மாதம் காத்திருந்தது நான் செய்த பெரிய தவறு. எங்கள் விஷயத்தில் அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆம் பிரிவின் கீழ், சைதாப்பேட்டையில் உள்ள நடுவர் நீதிமன்றத்தில் மனு கொடுத்தோம். முன்பு இது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457ஆம் பிரிவாக இருந்தது. புகார் நகல், வங்கி முத்திரையுடன் கூடிய கணக்கு அறிக்கை, எந்த வங்கியில் எவ்வளவு தொகை நிற்கிறது என்ற காவல்துறையின் அறிக்கை ஆகியவற்றை இணைத்தோம். மூன்றாவதாகச் சொன்ன அந்த அறிக்கைக்காகத்தான் அதிகம் அலைந்தோம். விசாரணை அதிகாரி அன்பாகத்தான் நடந்துகொண்டார், ஆனால் அவர் மேசையில் இருந்த கோப்புகளின் உயரத்தை நானே பார்த்தேன். உத்தரவின் சான்றிட்ட நகல் வெளிமாநிலத்தில் இருந்த அந்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் 1,07,000 ரூபாய் அப்பாவின் கணக்கில் வரவானது.

இடையில், பத்து சதவீதம் முன்பணம் கொடுத்தால் முழுத் தொகையையும் மீட்டுத் தருவதாக ஒருவர் அழைத்தார். பணத்தை இழந்தவர்களையே குறிவைத்து நடக்கும் அடுத்த மோசடி இது. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தொகையும் இருந்தது. நான் வங்கியை அழைத்துச் சொன்ன பதினோரு நிமிடம் கழித்து, மூன்றாவதாக 24,000 ரூபாய் கணக்கிலிருந்து போயிருந்தது. ஓடிபியை அப்பாவே சொல்லிவிட்டதால் பொறுப்பேற்க முடியாது என்று வங்கி எழுத்து மூலம் மறுத்தது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்திருந்தாலும், தகவல் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பை வங்கிதான் ஏற்க வேண்டும். அழைத்த நேரம் என் கைப்பேசியில் பதிவாகியிருந்தது. அதன் படத்தை இணைத்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கி மறுத்தாலோ, முப்பது நாட்களில் பதில் தராவிட்டாலோ அங்கே போகலாம். அந்த 24,000 ரூபாயை வங்கி திருப்பிச் செலுத்தியது.

55,000 ரூபாய் இன்னும் வரவில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அப்பா தானே காவல் நிலையத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வருகிறார்.