சம்பந்தியம்மா என் கணவர் பேரில் தானம் கொடுக்க விரும்புகிறார்: ஒரு கிறிஸ்தவப் பெண் இதை ஏற்கலாமா?

மெஞ்ஞானபுரத்து ஆசிரியை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் கொழும்பில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு சிங்களப் பெண்ணை விரும்பினான். குருநாகல் பக்கம் அவர்கள் ஊர், பௌத்தக் குடும்பம். தங்கமான பெண். நான் முழு மனதோடு சம்மதம் சொல்லிவிட்டேன். திருமணம் எங்கே, எந்த முறைப்படி என்பதைப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

என் கணவர் காலமாகி வருகிற ஆகஸ்டில் ஓராண்டு நிறைகிறது. பெண்ணின் தாயார் போன வாரம் தொலைபேசியில் பேசினார். அவர் சிங்களத்தில் சொல்ல, மகன் எனக்குத் தமிழில் சொன்னான். அந்த நினைவு நாளில் தங்கள் வீட்டில் பிக்குகளுக்கு உணவு தானம் கொடுத்து, அந்தப் புண்ணியத்தை என் கணவருக்குச் சேர்ப்பிக்க ஆசைப்படுகிறாராம். நானும் வந்து உடன் உட்கார வேண்டுமாம். பேசும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. என் கணவரை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொன்னால்தான் என் தயக்கம் உங்களுக்குப் புரியும். என் பாட்டியின் தாயார் காலம்வரை எங்கள் குடும்பம் சுடலைமாடனுக்குக் கொடை கொடுத்து, செத்தவர்களுக்குப் படையல் போட்டு வந்த குடும்பம். ஞானஸ்நானம் பெற்றபோது அவர்கள் முதலில் விட்டது அந்தப் படையலைத்தான். ஊரார் ஒதுக்கி வைத்தபோதும் திரும்பப் போடவில்லை. "செத்தவர்கள் கர்த்தர் கையில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பசிக்காது" என்று பாட்டி எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் என்று எங்கள் திருநெல்வேலிச் சீமையில் எந்தக் கிறிஸ்தவ ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

இப்போது என் கேள்விகள். என் கணவர் எங்கோ பசியோடு அலைகிறார் என்றா அந்த அம்மா நினைக்கிறார்? படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்கிற மார்க்கத்தில், இந்தப் புண்ணியத்தை வாங்கி இன்னொருவருக்குக் கொடுப்பது யார்? நான் போய் உட்கார்ந்தால் என் விசுவாசத்தை மறுதலித்ததாகுமா? இரண்டு பக்கமும் பழகியவர்கள் சொல்லுங்கள். எந்த மதம் உசத்தி என்ற வாதம் வேண்டாம். எனக்கு அந்த அம்மாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

---

மாத்தளையில் பிறந்தவன் எழுதியது:

அக்கா, நான் மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. இப்போது அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன். நாங்கள் சைவர்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குக் கீழே சிங்கள ஊர். அந்த வீடுகளில் தானம் நடக்கும்போது தேங்காய் துருவிக் கொடுத்திருக்கிறேன், ஓரமாக உட்கார்ந்து முழுவதும் பார்த்திருக்கிறேன்.

அங்கே என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்த ஏழாம் நாள், மூன்றாம் மாதம், பிறகு ஓராண்டு நிறைவு, இந்த மூன்று தானமும் முக்கியம். பிக்குகள் வரிசையாக வருவார்கள். வாசலில் அவர்களுடைய காலைக் கழுவித் துடைத்து உள்ளே அழைப்பார்கள். வெள்ளைத் துணி விரித்த இருக்கையில் அவர்கள் உட்கார்ந்ததும், சமைத்த எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் புத்தர் உருவின் முன் வைப்பார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கறியாகப் பரிமாறுவார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மூத்த பிக்கு சிறிது நேரம் பேசுவார். அப்போது வீட்டார் கீழே பாயில் கூடி உட்காருவார்கள். நடுவில் ஒரு தட்டு, தட்டின் மேல் கிண்ணம், பக்கத்தில் ஒரு கூஜா நிறைய தண்ணீர். பிக்குகள் பாலி மொழியில் ஓதத் தொடங்கியதும் குடும்பத்தார் கூஜாவை ஒன்றாகப் பிடித்து மெல்லக் கவிழ்ப்பார்கள். கிண்ணம் நிறைந்து, வழிந்து, தட்டில் இறங்கும். ஓதுகிற பாடலின் பொருள் இதுதான்: பெருகி ஓடும் ஆறுகள் கடலை நிறைப்பது போல, இங்கே கொடுக்கப்பட்டது இறந்தவர்களைச் சென்று சேரட்டும். அழாமல் உட்கார்ந்திருந்தவர்கள்கூட அந்த இடத்தில் அழுதுவிடுவார்கள்.

பசியோடு அலைகிறாரா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜாணுஸ்ஸோணி என்ற பிராமணர் புத்தரிடமே இதைக் கேட்டதாக, அவருடைய உரைகளின் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் வருகிறது. நாங்கள் கொடுக்கும் தானம் இறந்த எங்கள் உறவினரைச் சேருமா என்று அவர் கேட்கிறார். இறந்தவர் நரகத்திலோ, விலங்காகவோ, மனிதராகவோ, தேவராகவோ பிறந்திருந்தால் சேராது, பிரேதமாக, அதாவது பசியோடு அலையும் ஆவியாகப் பிறந்திருந்தால் மட்டுமே சேரும் என்பது புத்தரின் பதில். அவர் அங்கே இல்லையென்றால் யாருக்குப் போகும் என்று மறுபடி கேட்கிறார். வேறு உறவினர் எவராவது அங்கே இருப்பார், இத்தனை நெடிய காலத்தில் அந்த இடத்தில் நம் உறவினர் ஒருவர்கூட இல்லாமல் இருக்க முடியாது, கொடுத்தவரும் பலனில்லாமல் போவதில்லை என்று பதில் வருகிறது.

ஆகவே உங்கள் கணவர் அலைகிறார் என்று அந்த அம்மா முடிவு கட்டவில்லை. இறந்தவர் எங்கே பிறந்திருக்கிறார் என்பது வீட்டாருக்குத் தெரியாது. தெரியாததால்தான் கொடுக்கிறார்கள். தன் தாய்க்கும் தகப்பனுக்கும் எதைச் செய்தாரோ அதையே உங்கள் கணவருக்கும் செய்ய நினைக்கிறார். உங்களைச் சொந்தமாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

புண்ணியத்தை வாங்கிக் கொடுக்க நடுவில் யாரும் இல்லை. புத்தரே கொடுப்பதில்லை. அவர் மறுபிறப்பில்லாத பரிநிர்வாணம் அடைந்துவிட்டார், வேண்டுதலைக் கேட்டு வரம் தருபவராக அவரை இலங்கையில் வழங்கும் தேரவாதப் பௌத்தம் சொல்வதில்லை. பூவும் விளக்கும் மரியாதைக்காக வைப்பவை. எண்ணம்தான் வினை என்பது அவர்கள் அடிப்படை. இங்கே ஒரு நல்ல காரியம் நடப்பதை அறிந்து இறந்தவர் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியே அவருக்கு நல்வினையாகிறது என்று விளக்கம் சொல்வார்கள். நடைமுறையில் அதே மக்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் கதிர்காமத்துக்கும், பத்தினித் தெய்வமாக அவர்கள் கும்பிடும் நம் கண்ணகியிடமும் நேர்ந்துகொள்வார்கள். அது தனி வழி. தானத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற உபதேசியார், நாசரேத்:

டீச்சரம்மா, தம்பி எழுதியதைப் படித்தேன். நன்றாகச் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை.

"ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும், மனுஷருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறபடியே" என்பது எபிரெயர் நிருபம். நமக்குப் பிறவிகள் பல இல்லை, ஒன்றுதான். உங்கள் கணவருக்குச் சேர வேண்டியது எதுவும் பாக்கி நிற்கவில்லை. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்று பவுல் எபேசியருக்கு எழுதும்போது, அது நம்மால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்றும் சேர்த்தே சொல்கிறார். நாம் எவ்வளவு அன்போடு செய்தாலும் அதோடு ஒரு குன்றிமணி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. இரண்டு மார்க்கத்துக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்பதைவிட, மனிதனுக்குக் கடைசியில் கிடைப்பது அவன் சம்பாத்தியமா, பரிசா என்ற கேள்வி பெரியது.

ஆனால் கொடுக்கிற கையைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. நம் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் எடுத்து வைக்கிறார்கள். நினைவு நாளில் பிள்ளைகள் விடுதிக்குச் சாப்பாடு கொடுக்காத குடும்பம் நம் சேகரத்தில் குறைவு. நாம் நன்றியாகக் கொடுக்கிறோம், அவர்கள் இறந்தவர் நலனுக்காகக் கொடுக்கிறார்கள். சாப்பிட்டவர் பசி ஆறுவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

என் ஆலோசனை: போங்கள். மரியாதையாக உட்காருங்கள். புத்தர் முன் வைத்த சாப்பாடு உங்கள் மனச்சாட்சியை உறுத்தினால், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10 ஆகிய அதிகாரங்களைப் பொறுமையாக வாசித்து நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் அந்தக் கூஜாவில் மட்டும் கை வைக்காதீர்கள். அது வாயால் சொல்லாத ஒரு விசுவாச அறிக்கை. நீங்கள் நம்பாத ஒன்றைக் கையால் அறிக்கையிடுவது அவர்களுக்கும் மரியாதை அல்ல.

---

உவரிக்காரர்:

உபதேசியார் ஐயா சொன்னது சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையின் நிலை. கத்தோலிக்கர்களான எங்களுக்கு இறந்தவர்களுக்காகச் செய்வது அந்நியமல்ல. நவம்பர் 2 அன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் இறந்த வீரர்களுக்காக ஒப்புக்கொடுத்த பலி வருகிறது. உங்கள் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. எனவே இந்த ஒரு விஷயத்தில் கோடு பௌத்தத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடுவே மட்டும் ஓடவில்லை, நமக்குள்ளும் ஓடுகிறது. ஆனால் நாங்கள் கடவுளிடம் இரங்கும்படி கேட்கிறோம். அவர்கள் எவரிடமும் கேட்பதில்லை. அது பெரிய வேறுபாடு.

---

சங்கரன்கோவில் வாசகர்:

நான் அம்பேத்கர் வழியில் வந்த பௌத்தன். ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். குருநாகலில் நடப்பது மட்டும்தான் பௌத்தம் என்று இங்கே யாரும் எண்ணிவிடக் கூடாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப் தந்த 22 உறுதிமொழிகளில், சிரார்த்தம் செய்ய மாட்டேன், பிண்டம் கொடுக்க மாட்டேன் என்பதும் ஒன்று. தமிழ்நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போய்வந்து சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் நினைவு நாள் என்றால் புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணமும், ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலமும் சொல்வோம், படிக்கிற பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். இறந்தவருக்கு எதையும் அனுப்புவதில்லை.

ஆசிரியை அம்மாவின் பாட்டியின் தாயார் படையலை விட்ட கதை என்னை உலுக்கியது. எங்கள் தாத்தாவும் அப்படித்தான் விட்டார், வேறு வாசல் வழியாக வெளியேறினார்.

இன்னொன்று. பஞ்சசீலத்தைப் பத்துக் கட்டளைகளோடு ஒப்பிடுவார்கள். கொலை, களவு, பொய், தகாத உறவு ஆகியவை இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் உங்கள் வேதத்தில் கர்த்தர் கட்டளையிடுகிறார். எங்கள் சீலத்தில் "உயிரைக் கொல்வதிலிருந்து விலகும் பயிற்சியை ஏற்கிறேன்" என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மீறினால் தண்டிக்க ஒருவர் இல்லை, மன்னிக்கவும் ஒருவர் இல்லை. எங்கள் நூலான தம்மபதம் "தனக்குத் தானே தலைவன்" என்கிறது. உங்கள் 46ஆம் சங்கீதம் "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்று தொடங்குகிறது. உங்கள் மருமகளோடு ஒரே வீட்டில் வாழப்போகும்போது இந்த வேறுபாடு தானத்தைவிட அடிக்கடி எதிர்ப்படும். ஒரு துக்கம் வந்தால் நீங்கள் முழங்கால் போடுவீர்கள், அவள் கண்ணை மூடி அமைதியாக உட்காருவாள். அவளுக்குப் பக்தி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

---

மெஞ்ஞானபுரத்து ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகனை நடுவில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவோடு வெகுநேரம் பேசினேன். "நீங்கள் கொடுங்கள். நான் வந்து உட்காருகிறேன். ஆனால் என் கணவர் என் ஆண்டவரிடம் இருக்கிறார் என்று நம்புகிறேன், அதனால் தண்ணீர் வார்க்க மாட்டேன்" என்று நேராகவே சொல்லிவிட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அவர் நல்ல இடத்தில் இருந்தால் அதைவிட வேறென்ன வேண்டும், எங்கள் வீட்டு முன்னோர்களும் இருக்கிறார்களே, அவர்களுக்குச் சேரட்டும்" என்றாராம். மாத்தளைத் தம்பி எழுதிய ஜாணுஸ்ஸோணி கேள்விக்கான பதில் அப்படியே அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தது. அவர் எந்த நூலையும் பார்த்துச் சொல்லவில்லை.

உபதேசியார் ஐயா, சம்பாத்தியமா பரிசா என்று நீங்கள் கேட்டதைப் பற்றி யோசித்தேன். என் விசுவாசம் பரிசு என்பதில்தான் நிற்கிறது, அதில் மாற்றம் இல்லை. ஆனாலும் தன் சம்பாத்தியத்தை முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு எழுதிக் கொடுக்க முன்வருகிறவரைப் பார்த்து என் மனம் இளகுகிறது. அதை அவரிடமும் சொன்னேன்.

சங்கரன்கோவில் ஐயா, மருமகளைப் பற்றி எழுதியதை மகனுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன்.

மாத்தளைத் தம்பிக்கு ஒரு கேள்வி. வெறுங்கையோடு போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை. நம் ஊர்ச் சொதி வைத்துக் கொண்டுபோகலாமா? பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும்தான். பிக்குகள் சாப்பிடுவார்களா? என்ன உடுத்திக்கொண்டு போக வேண்டும்?

---

மாத்தளையில் பிறந்தவன்:

தாராளமாகக் கொண்டுபோகலாம், அக்கா. அவர்களும் தேங்காய்ப்பாலில்தான் எல்லாக் கறியும் வைப்பார்கள், குருநாகல் தென்னைக்குப் பேர்போன ஊர். இங்கிருந்து எடுத்துப் போனால் கெட்டுவிடும், அங்கே அவர்கள் அடுப்பிலேயே வையுங்கள். நடுப்பகலுக்குப் பிறகு பிக்குகள் சாப்பிட மாட்டார்கள். பத்தரை மணிக்குள் இறக்கிவிட்டால் நல்லது. பிக்குகளுக்கு வைப்பதற்கு முன் யாரும் ருசி பார்க்கும் வழக்கமில்லை, அதனால் உப்பைக் கைக்கணக்கில் சரியாகப் போட்டுவிடுங்கள். வெள்ளைச் சேலை கட்டுங்கள். அங்கே விகாரைக்கும் தானத்துக்கும் எல்லாப் பெண்களும் வெள்ளைதான் உடுத்துவார்கள், கணவர் இருப்பவர் இல்லாதவர் என்ற பேதம் கிடையாது. பிக்குகளின் இருக்கைக்குச் சமமாக நாற்காலியில் உட்கார வேண்டாம், பாயில் உட்காருங்கள். முழங்கால் வலி இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், தாழ்வான முக்காலி போட்டுத் தருவார்கள்.