புதுப்பிப்பு: நாற்பதுக்கு மேல் நீச்சல், மூச்சு முட்டும் பிரச்சினை தீர்ந்தது

நாற்பதைத் தாண்டி நீச்சல் கற்கிறேன், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததுமே மூச்சு முட்டுகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது நீச்சல் குளத்தின் நீளத்தை நிற்காமல் கடக்கிறேன்.

பலித்தது, "மூச்சைப் பிடிக்காதீங்க, தண்ணீருக்குள் மூக்கு வழியாகக் குமிழி விடுங்க" என்ற யோசனை. அந்தத் தவிப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் குறைவது அல்ல, உடம்பில் கரியமில வாயு சேர்வதுதான். தண்ணீருக்குள்ளேயே காற்றை விட்டுவிட்டால், தலையைத் திருப்பும்போது இழுக்க மட்டும் செய்தால் போதும். முதலில் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இதை மட்டுமே பழகினேன். பக்கத்தில் பொடிப்பசங்க டைவ் அடிக்க, கொஞ்சம் கூச்சம்தான்.

சுரைக்குடுக்கை, டியூப் இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. மிதக்க வைத்தன, பயம் போகவில்லை.

எதிர்பாராத ஒன்று: மூச்சு சரியானதும் கால் மூழ்க ஆரம்பித்தது. முன்னால் பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடுகிறது. குளத்தின் தரையைப் பார்த்தபடி நீந்தியதும் சரி. அப்புறம் பசி! நாலு இட்லி எந்த மூலைக்கு?

முதுகு நீச்சல் இன்னும் வரவில்லை, மூக்கில் தண்ணீர் ஏறுகிறது. அதைத் தனியாகக் கேட்கிறேன்.