‘எஸ்கேப்’ என்னும் மருத்துவச் சொல்லுக்குத் தமிழ்: தடைமீட்சியா, சுரப்பு மீட்சியா?

அன்புள்ள குழுவினர்க்கு,

நான் மொழிபெயர்த்துவரும் செவிலியர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாயின் உடலில் சேரும் மிகை அயோடின் பச்சிளங்குழந்தையின் தைராய்டை எவ்வாறு பாதிக்கிறது என்னும் இயலில் ஒரு சொல் அகப்படாமல் நிற்கிறேன். அயோடின் அளவு மீறினால் தைராய்டு தன் சுரப்பைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்பதை 1948இல் உல்ஃப், சைக்காஃப் என்னும் ஆய்வாளர் இருவரும் எலிகளிடம் கண்டனர். பெரியவர்களின் சுரப்பியோ, சில நாள்களில் அயோடினை உள்வாங்குவதைக் குறைத்துக்கொண்டு மறுபடியும் சுரக்கத் தொடங்கிவிடும், இதுவே ‘எஸ்கேப்’. கருவுக்கு இத்திறன் ஏறத்தாழ 36ஆம் வாரத்தில்தான் முதிர்கிறது என்பதால், குறைமாதக் குழந்தையின் சுரப்பி எளிதில் முடங்கிவிடுகிறது. ‘தப்புதல்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த செவிலியர், ‘சுரப்பி என்ன தப்பு செய்தது?’ என்று கேட்டார்.

அன்புடையீர்,

‘விடுபாடு’ என்றாலும் விட்டுப்போனது என்றே கொள்வர். ‘மீட்பு’ பிறர் செய்வது. ஆள் ஆட்சியானதுபோல மீள் மீட்சியாகும், அது தானே மீள்வது. ஆகவே ‘தடைமீட்சி’ என்பதே என் பரிந்துரை. தைராய்டையும் ‘கேடயச் சுரப்பி’ என்று எழுதுங்கள். கிரேக்க மூலத்துக்கும் கேடயம் என்பதே பொருள்.

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

செவிலியர்க்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் எழுதுகிறேன். கேடயம் என்னும் பெயர் குரல்வளைக் குருத்தெலும்பின் வடிவத்தால் வந்தது. சுரப்பிக்கு வண்ணத்துப்பூச்சியின் வடிவம். மேலும், கேடயமும் வடசொல்லே. சங்க வழக்கான ‘தோல்’ என்பதைக் கொண்டால் சருமச் சுரப்பியாகிவிடும். தாய்மார்கள் வாயில் வழங்குவது ‘தைராய்டு’தான், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ‘தடைமீட்சி’யைத் தடையிலிருந்து மீள்வது என ஐந்தாம் வேற்றுமைத் தொகையாகத் தாங்கள் விரிக்கிறீர்கள், என் மாணவியர் ஆறாவதாக விரித்து, தடை திரும்பி வந்தது என்று கொள்வார்கள். சிசேரியன் புண்ணில் திரும்பத் திரும்பத் தடவும் பொவிடோன் அயோடினும், கொரியத் தாய்மார்கள் பேறுகாலத்தில் நாள்தோறும் பருகும் கடற்பாசிச் சாறும் தாய்ப்பால் வழியே குழந்தையைச் சேரும். குழந்தையின் குதிகாலில் எடுத்த சொட்டு இரத்தத்தில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டிஎஸ்எச் என்னும் இயக்குநீர் ஏறியிருக்கும்போது, செவிலியர் குறிப்பேட்டில் எழுத வேண்டியது மீளாமையைத்தான். எனவே ‘சுரப்பு மீட்சி’, ‘சுரப்பு மீளாமை’ என்று இணையாகக் கொள்ளலாம். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள். இல்லாவிட்டால், படிப்பவர்கள் அயோடின் உப்பையே விலக்கிவிடுவார்கள்.

அன்புள்ள அனைவர்க்கும்,

நால்வர் ‘சுரப்பு மீட்சி’யை ஏற்றுள்ளதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். மருந்து கொடுத்துச் சுரப்பு திரும்பினாலும் அதுவும் சுரப்பு மீட்சிதானே, தடை என்னும் கருத்து எங்கே போயிற்று என்று ஐயா இன்று காலை எழுப்பிய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவருடைய ‘தடைமீட்சி’யை அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன்.