ஈ-கேட்ஹெரின் இருந்தால் புற்று பரவாதா? யார் சொன்னது?

நுண்ணோக்கி
பக்கத்து விவாத இழையில் திசுவேந்தன் எழுதியது: "செல்களை ஒட்டிவைக்கும் பசை ஈ-கேட்ஹெரின். அது போனால் புற்று பரவும், இருந்தால் பரவாது. அவ்வளவுதான்." அந்த "அவ்வளவுதான்" என்னைத் தூங்கவிடவில்லை. மார்பகப் புற்றில் பெரும்பான்மை நாளப் புற்று, அதாவது பால் நாளங்களில் தொடங்குவது. அதில் ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. வேறு உறுப்புக்குப் பரவிய கட்டியை எடுத்து, இந்தப் புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயமேற்றிப் பார்த்தாலும் பல நேரம் செல் ஓரமெல்லாம் பழுப்பு. புரதம் போய்விட்டது என்றால் அங்கே பழுப்பாக நிற்பது யார்?

திசுவேந்தன்
ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக் கொடி பிடிப்பது உங்களுக்குப் புதிதல்லவே. மார்பகப் புற்றில் லோபுலார் வகையை, அதாவது நுண்மடல் புற்றைப் பாருங்கள். அங்கே ஈ-கேட்ஹெரின் இல்லை. செல்கள் கை விட்டுப்போய் ஒன்றன்பின் ஒன்றாக ஒற்றை வரிசையில் திசுவுக்குள் போகின்றன. 1998-இல் நியூசிலாந்து மாவோரிக் குடும்பங்களில் தலைமுறைகளாக வந்த இரைப்பைப் புற்றுக்கு சிடிஎச்1 மரபணுப் பழுதுதான் காரணம் என்று கண்டார்கள். அந்த மரபணு எந்தப் புரதத்தைத் தருகிறது? நண்பரே சொல்லட்டும்.

நுண்ணோக்கி
ஈ-கேட்ஹெரின். பத்து மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன். நான் கேட்டது புற்று எப்படித் தொடங்குகிறது என்றா? பரவிய இடத்தில் பழுப்பு ஏன் என்று.

ஓரத்தில் ஒருவன்
சின்ன சந்தேகம். பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுவதும் தொலைவில் போய்க் கட்டியாவதும் ஒன்றா? இரண்டு பேரும் "பரவல்" என்றே எழுதுகிறீர்கள்.

திசுவேந்தன்
பழுப்புக்குப் பதில் ரொம்பச் சுலபம். ஸ்னெயில் என்ற புரதம் ஈ-கேட்ஹெரின் மரபணுவை அடக்குகிறது என்று 2000-லேயே காட்டிவிட்டார்கள். செல் தன் உருவை மாற்றிக்கொண்டு கிளம்புகிறது, போய்ச் சேர்ந்ததும் பழைய உருவுக்குத் திரும்புகிறது. நீங்கள் பார்த்தது பயணம் முடிந்து உடைமாற்றியபின் எடுத்த படம். வழியில் எப்படி இருந்தது என்று படம் சொல்லாது.

நுண்ணோக்கி
நல்ல கதை. வழியைத்தான் பார்ப்போமே. ரத்தத்தில் புற்றுச் செல்கள் கொத்தாகவும் போகின்றன. 2014-இல் "செல்" என்ற ஆய்விதழில் வந்த ஆய்வில், எலிகளில் கொத்துகளுக்குப் பரவும் திறன் ஒற்றைச் செல்லைவிட 23 முதல் 50 மடங்கு. கொத்தைப் பிடித்துவைத்தது பிளாக்கோகுளோபின், அதாவது செல் இணைப்புப் புரதம். அதைக் குறைத்தால் கொத்து உடைகிறது, நுரையீரலில் கட்டியும் குறைகிறது. ஒட்டிக்கொண்டு போனவன் ஜெயிக்கிறான் ஐயா!

இன்னொன்று. 2019-இல் நேச்சர் ஆய்விதழில்: எலியின் மார்பகப் புற்றுச் செல்களிலிருந்து ஈ-கேட்ஹெரினையே எடுத்துவிட்டார்கள். ஊடுருவல் கூடியது. ஆனால் செல்கள் செத்தன, தொலைவில் கட்டியாவது குறைந்தது. உங்கள் "அவ்வளவுதான்" எங்கே வைப்பது?

திசுவேந்தன்
எலி! டெலோமியர் (குரோமோசோம் நுனி) பற்றிய விவாத இழையில் நான் எலி ஆய்வைக் காட்டியபோது "மனிதனுக்கு வால் இல்லை" என்று கிண்டல் செய்தவர் யார்? இன்று எலி இனித்துவிட்டது. அதுவும் நாளப் புற்று மாதிரிகள். லோபுலாரில் அந்தப் புரதம் இல்லாமலே பரவுகிறதே, அந்தச் செல்கள் ஏன் சாகவில்லை? இதைத் தாண்டி ஓடுகிறீர்கள்.

நுண்ணோக்கி
வால் விஷயம் நான் சொன்னதல்ல, நீங்கள் பிறகு திருத்தி எழுதியது. லோபுலார் மார்பகப் புற்றில் பத்து, பதினைந்து விழுக்காடு. மீதிப் பெரும்பங்கில் பழுப்பு. பழுப்பு!

கால்சியப் பித்தன்
முதலில் "பசை" என்று எழுதுவதை இரண்டு பேரும் நிறுத்துங்கள். கேட்ஹெரின் என்ற பெயரிலேயே கால்சியம் இருக்கிறது. டகெய்ச்சி பெயர் வைத்ததே அதனால்தான். கால்சியத்தை எடுத்துவிட்டால் கோர்த்த கை நழுவும். எந்தப் பசை அப்படி? கொக்கி என்று சொல்லுங்கள். செல் அடுக்குக்குக் கீழே விரிந்திருக்கும் அடிச்சவ்வோடு செல்லைப் பிணைக்கும் இன்டெக்ரின் பற்றி ஒருவராவது வாய் திறந்தீர்களா?

திசுவேந்தன்
நான் "ஒட்டுப்புரதம்" என்றுதான் எழுதினேன். பசை உவமை.

கால்சியப் பித்தன்
இழையின் முதல் பத்தியில் "பசை" என்றே இருக்கிறது. மேலே போய்ப் பாருங்கள்.

நுண்ணோக்கி
அவர் மேலே போகமாட்டார், மேலே பழுப்பு இருக்கிறது. அழற்சி வகை மார்பகப் புற்றில் நிணநாளங்களுக்குள் செல்கள் கொத்துக் கொத்தாக அடைத்து நிற்கின்றன, ஈ-கேட்ஹெரினும் தாராளம். மார்பகப் புற்றில் மூர்க்கமான வகைகளில் அது ஒன்று. பசை இருந்தால் பரவாது என்றாரே, கொக்கி என்று மாற்றினால் பரவாமல் போய்விடுமா? பதில் வரட்டும், காத்திருக்கிறேன். எனக்கு வேலை இல்லை.

திசுவேந்தன்
வேலை இல்லாதது எல்லோருக்கும் தெரிகிறது. செல்லுக்குள் இருக்கும் பீட்டா-கேட்டெனின் என்ற புரதம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். கேட்ஹெரினின் வால் அதைப் பிடித்துவைத்திருப்பது எதற்கு என்று அங்கே விளக்குகிறேன், இங்கே வீண்.

நுண்ணோக்கி
அங்கேயும் வருவேன்.

ஓரத்தில் ஒருவன்
ஊடுருவலும் பரவலும் ஒன்றா என்று கேட்டிருந்தேன்.

நுண்ணோக்கி
தம்பி, பொறுங்கள். முதலில் அவரைப் பழுப்புக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.